நெல் விதைக்கு ஏன் பாக்டீரியாக் குளியல்?

புன்னைக்காயலில் கடலைச் சேருமுன், ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஏரல், ஆத்தூர் வரை வயல்களை நனைத்துவிட்டுத்தான் போகிறது தாமிரபரணி. கடலை நெருங்க நெருங்க மண்ணில் உப்பு ஏறும். நெல் முளை தடுமாறும்.

ஏன்? உப்பு உறுத்தினால் நாற்றுக்குள் எத்திலீன் என்ற ஹார்மோன் கூடி, வேர் நீள்வது தடைபடும். சூடோமோனாஸ் பாக்டீரியாவின் சில வகைகள் எத்திலீனின் மூலப்பொருளையே தின்றுவிடும். வேரைத் தூண்டும் ஆக்சினும் சுரக்கும். மண்ணில் உள்ள இரும்பைக் கவ்விக்கொண்டு நோய்ப் பூஞ்சைகளைப் பட்டினி போடுவதுதான் இருப்பதிலேயே சாமர்த்தியம்.

எப்படி? கிள்ளிகுளத்தில் கல்லூரி நடத்தும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை எளிது. கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பொடி, 1 லிட்டர் தண்ணீர். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் வடித்து, ஈரச் சாக்கில் கட்டி 24 மணி நேரம் வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும், நாற்றங்காலில் தூவலாம்.

அசோஸ்பைரில்லம் உயிர் உரத்தோடு சூடோமோனாஸுக்குச் சண்டையில்லை. பூஞ்சைக்கொல்லி மருந்தை மட்டும் கலக்கக் கூடாது. பொடி உயிருள்ள சரக்கு. வெயிலில் கிடந்த பாக்கெட் வெறும் பவுடர்தான். பதர் பிரிக்க விதையை உப்புக் கரைசலில் போட்டிருந்தால், முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும்.