ஒரே கார்டு, ஐந்து திரை

எங்கள் செயலியில் அதிகம் கண்ணில் படுவது ஒரு சின்ன வெள்ளைக் கட்டம்தான். இடது பக்கம் தேதி, அதன் கீழே காலையா மாலையா என்பது. நடுவில் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். வலது ஓரத்தில் தடித்த எழுத்தில் ரூபாய். கூட்டுறவுச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் விவசாயி வேளைக்கு வேளை திறந்து பார்ப்பது இதைத்தான். கொழுப்பையும், எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பு நீங்கலான திடச்சத்தையும் வைத்துத்தான் விலை போடுகிறார்கள். அதனால் புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கும் ஓர் எண் மாறினாலும் கையில் வரும் காசு மாறும். அந்த எண் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது எனக்குச் சாதாரண விஷயமில்லை.

நான் கோயம்புத்தூரில் மொபைல் செயலி எழுதும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கட்டம் எங்கள் செயலியில் ஐந்து திரைகளில் வருகிறது. முகப்பில் இன்றைய பால், கணக்குப் பக்கத்தில் மாதம் முழுவதும் ஊற்றிய பால், பட்டுவாடாப் பக்கம், தேடல், செயலாளர் பார்க்கும் பட்டியல். ஐந்து இடத்தில் தெரிந்தாலும் எழுதியிருப்பது ஒரே இடத்தில். 'பால் கார்டு' என்று பெயர் வைத்திருக்கிறோம். தேதி, வேளை, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., தொகை என்ற ஆறு விவரத்தைக் கொடுத்தால், தன்னை வரைந்துகொள்வது அதன் பொறுப்பு. இப்படித் திரும்பத் திரும்பப் பயன்படும் துண்டுகளைக் காம்பொனென்ட் என்கிறோம். நாங்கள் செயலி எழுதப் பயன்படுத்தும் ஃப்ளட்டர் என்ற கருவியில் அதற்கு விட்ஜெட் என்று பெயர். அங்கே பட்டனும் விட்ஜெட்தான், இரண்டு பட்டனுக்கு நடுவே விடும் வெற்றிடமும் விட்ஜெட்தான்.

பால் கார்டுக்குள்ளேயே இன்னும் சிறிய துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ரூபாய்த் துண்டு. ஓர் எண்ணைக் கொடுத்தால் ரூபாய்க் குறியைப் போட்டு, நம் வழக்கப்படி 1,25,000 என்று லட்சத்தில் காற்புள்ளி வைத்துக் காட்டும். இந்த ஒழுங்கைத் திரைக்குத் திரை தனித்தனியாக எழுதினால் ஏதாவது ஒன்றில் 125,000 என்று வந்து நிற்கும். பணக் கணக்கில் இரண்டு பக்கம் இரண்டு விதமாக இருந்தால், படிப்பவருக்கு முதலில் போவது நம்பிக்கை.

ஒரே இடத்தில் எழுதி எல்லா இடத்திலும் பயன்படுத்தும் இந்த யோசனைக்கு வயது அறுபதுக்கு மேல். 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் தன் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். டிஎக்ஸ்-2 என்ற பெரிய கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரையலாம். ஒரு மூலப்படத்தை வரைந்து அதிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். மூலத்தில் ஒரு கோட்டைத் திருத்தினால் எல்லாப் படிகளும் திருந்தும். தொடுதிரை போன் மக்கள் கைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஒருவர் இதை ஓடவிட்டுக் காட்டியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

போன் செயலிகளில் இந்த முறை முழுதாக வேரூன்றியது அண்மையில்தான். முன்பு ஆண்ட்ராய்டில் திரையை எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு பக்கம் வரைவோம். ஜாவா நிரலில் இன்னொரு பக்கம் அந்த எழுத்துப் பெட்டியைத் தேடிப் பிடித்து, 'இனி இந்த எண்ணைக் காட்டு' என்று உத்தரவு போடுவோம். லிட்டருக்கு உத்தரவு போட்டு, தொகைக்குப் போட விட்டுப்போனால் திரை பொய் சொல்லும். 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் இந்தப் போக்கைத் திருப்பியது. விவரம் இதுவானால் திரை இப்படி இருக்கும் என்று எழுதிவைத்தால் போதும். விவரம் மாறும்போது திரை தானே அதற்கேற்ப மாறிக்கொள்ளும். 2015இல் ரியாக்ட் நேட்டிவ், 2018 டிசம்பரில் கூகுளின் ஃப்ளட்டர் 1.0, 2019இல் ஆப்பிளின் ஸ்விஃப்ட்யுஐ, 2021இல் ஜெட்பேக் கம்போஸ் என எல்லாரும் அந்த வழிக்கே வந்துவிட்டார்கள்.

இந்தக் கருவிகள் அயல்நாட்டில் பிறந்தவை. அவற்றோடு வரும் ஆயத்தத் துண்டுகளுக்கு நம் ஊர்ப் பெயரும் எழுத்தும் தெரியாது. உறுப்பினர் பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டும் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பல மாதிரிகள் பெயரின் முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுக்கின்றன. யூனிகோடில் 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு. ஆகவே கோமதி 'க' ஆகிறார். முருகேசன், மீனாட்சி, மணி மூவருக்கும் ஒரே 'ம'. போதாததற்கு நம்மில் பலருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். ரா. கோமதியின் வட்டத்தில் 'ரா' வந்தால் அது அவருடைய அப்பாவின் எழுத்து. முழு எழுத்தாக எடுக்க, ஃப்ளட்டருக்கான டார்ட் மொழியில் கேரக்டர்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அதை வைத்து, முன்னெழுத்தையும் தாண்டிப் போகும்படி பெயர் வட்டத்தை நாங்களே எழுதினோம். ஒரு முறை எழுதியதுதான். உறுப்பினர் பெயர் வரும் எல்லா இடத்திலும் கோமதி இப்போது 'கோ'.

அளவும் அப்படித்தான். ஆங்கிலத்தில் நாலெழுத்துக்குப் போட்ட பட்டனில் 'உறுதிப்படுத்தவும்' அடங்காது. ஃப்ளட்டரில் எழுதும்போது ஒரு வரிசை திரைக்கு வெளியே பிதுங்கினால், ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டு எச்சரிக்கும். அந்தப் பட்டையைத் தமிழில் எழுதுபவர்கள் அடிக்கடி பார்ப்பார்கள். வரி உயரத்தை இறுக்கி வைத்தால் மேலே சுழியும் இகரமும் கீழே இறங்கும் உகரமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

பொள்ளாச்சிப் பக்கத்துச் சொசைட்டி ஒன்றில் பால் ஊற்ற வந்த பெரியம்மா தன் போனை என்னிடம் நீட்டினார். "ஏங்கண்ணு, கண்ணு தெரியறதில்லைன்னு பையன் எழுத்தைப் பெருசு பண்ணிக் குடுத்தான். இப்ப ரூவா பாதிதான் தெரியுது."

"சரி பண்ணித் தர்றனுங்க பெரியம்மா" என்றேன்.

ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். கார்டுக்கு நிலையான உயரம் வைத்திருந்ததுதான் சிக்கல். அந்த உயரத்தை நீக்கினோம். இடம் போதாவிட்டால் தொகை அடுத்த வரிக்கு இறங்கும்படி ராப் என்ற விட்ஜெட்டுக்குள் வைத்தோம். ஐந்து திரையும் சேர்ந்தே சரியாகின. தனித்தனியாக எழுதியிருந்தால் அவர் காட்டிய ஒரு பக்கத்தை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

ஆண்ட்ராய்டில் பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்வது டாக்பேக். கார்டை அப்படியே விட்டால் அது ஒவ்வொரு எண்ணாக நின்று நின்று படிக்கும். 6.5 என்று ஒரு நிறுத்தம், 4.2 என்று ஒரு நிறுத்தம். எது லிட்டர், எது கொழுப்பு? எல்லாவற்றையும் இணைத்து, 'ஜூன் 12, காலை, 6.5 லிட்டர், கொழுப்பு 4.2' என்று தொடங்கி ஒரே வாக்கியமாகச் சொல்லும்படி அதே கார்டில் எழுதியிருக்கிறோம். தொடும் இடம் கூகுளின் பரிந்துரைப்படி 48 டிபி, ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். வேலை செய்து காய்த்த விரலுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பது நல்லது என்பது என் கட்சி.

ஆனால் எதையும் பொதுவாக்கியே தீருவேன் என்று கிளம்புவதை நான் ஏற்பதில்லை. தீவனக் கடனைக் காட்ட வேண்டி வந்தபோது, இதே பால் கார்டில் கொழுப்பை மறை, லிட்டரை மூட்டையாக்கு, தொகைக்கு முன் கழித்தல் குறி போடு என்று சுவிட்ச் மேல் சுவிட்சாக வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. இரண்டும் கட்டமாகத் தெரிவதால் ஒன்றாகிவிடாது. பால் வரவு, தீவனம் பற்று. ஒன்று வேளைக்கு வேளை மாறும், மற்றது எப்போதாவதுதான். சுவிட்ச் நிறைந்த துண்டைத் தொட ஆறு மாதம் கழித்து வருகிற ஆள் பயப்படுவார். ஒரே அமைப்பு மூன்றாவது முறை வரும்வரை பிரதியெடுத்தே எழுதுங்கள், மூன்றாவதில் எது உண்மையிலேயே பொது என்று தெரிந்துவிடும் என்று குழுவிலிருக்கும் இளையவர்களிடம் சொல்வேன். தீவனக் கார்டைத் தனியாகவே எழுதினோம். அதுவும் பால் கார்டும் பகிர்ந்துகொள்வது ரூபாய்த் துண்டை மட்டும். நாளைக்கே பைசாவையும் காட்டச் சொல்லிச் சொசைட்டி கேட்டால் திறக்க வேண்டிய கோப்பு அது ஒன்றுதான்.