ரப்பர் பாலும் வீட்டுத் தயிரும்: பிஎச் சொல்லும் கணக்கு

லிங்கி வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மங்கிலிருந்து வாளிக்கு வந்த பாலில் தண்ணீரும் கொஞ்சம் அமிலமும் கலந்து வைத்தால், சில மணி நேரத்தில் அது கட்டியாகிவிடும். இதற்குள் இருப்பதுதான் பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் பிஎச் அளவு.

1909இல் டென்மார்க்கின் சோரன்சன் வகுத்த அளவு இது. சுத்தமான தண்ணீர் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் இறங்கினால் புளிப்பு ஒரு பங்கு கூடுவதாக நினைத்துவிடக் கூடாது. பத்து மடங்கு கூடுகிறது. இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்கு!

புதிதாக இறக்கிய ரப்பர் பால் 7ஐ ஒட்டியே இருக்கும். அதில் மிதக்கும் ரப்பர் துகள்களைப் புரதம் போர்த்தியிருக்கிறது. அதன் எதிர்மின்னேற்றத்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். அமிலம் ஊற்றி பிஎச் ஏறக்குறைய 5க்கு இறங்கியதும் அந்தத் தள்ளுவிசை போய்விடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். மாட்டுப்பாலும் ஏறக்குறைய இதே இடத்தில், 4.6 அருகேதான் தயிராகிறது. அங்கே அமிலம் ஊற்றுவது நாமல்ல, உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள். மங்கிலேயே கிடந்து ரப்பர் பால் கட்டியாவதும் இப்படித்தான். கட்டியாகாமல் வைக்க அமோனியா சேர்ப்பார்கள். பிஎச் 10ஐத் தாண்டிவிடும், நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். கையுறை செய்யும் பால் இப்படித்தான் தொழிற்சாலைக்குப் போகிறது.

கட்டியாக்கும் அமிலம் பெரும்பாலும் பார்மிக். சில எறும்புகளிடம் இருப்பதும் இதுவே. மலாயில் இதற்குப் பெயர் 'சூக்கா கெத்தா'. சமையல் வினிகரும் 'சூக்கா'தான். பெயரில் உள்ள இந்த ஒற்றுமைதான் ஆபத்து. இரண்டு விழுக்காடாக நீர்த்த பார்மிக் அமிலத்தின் பிஎச் சுமார் 2. எலுமிச்சைச் சாறும் கிட்டத்தட்ட அவ்வளவே. அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. கேனில் வரும் கெட்டி அமிலமோ தோலைச் சுட்டுப் புண்ணாக்கும், கண்ணைக் குருடாக்கும், குடித்தால் உயிரையே குடிக்கும்.

ஆகவே அதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மேலே தெறித்தால், சோடா மாவு போட்டுச் சமன்படுத்தப் பார்க்காமல், நனைந்த துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் அதே போல் கழுவிவிட்டு, எரிச்சல் அடங்கினாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.