வெள்ளத்தைச் சொல்லும் கோடுகள்

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி. வடக்கே போவது கொள்ளிடம். நடுவே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன.

வெள்ளக் காலத்தில் இங்குள்ளவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கன அடி வருகிறது?"

கேள்வி வீண் அல்ல. முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836-ல் மேலணை கட்டத் தொடங்கினார். 2018 ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, அங்கே கொள்ளிடம் மதகுகளில் 9 உடைந்து தண்ணீரில் போய்விட்டன!

கம்ப்யூட்டர் போடும் படம்

தண்ணீர்க் கணக்கை இப்போது கம்ப்யூட்டர் படமாக வரைந்து தருகிறது. "மேட்பிளாட்லிப்" என்பது அப்படி ஒரு மென்பொருள். அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஹண்டர் அதை உருவாக்கினார். வலிப்பு நோயாளிகளின் மூளையில் எழும் மின் அலைகளைப் பார்ப்பதற்காக அவர் அதைச் செய்தார். 2003-ல் வெளிவந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் பயன்படுத்தலாம்.

படத்தின் பின்னால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போடலாம். எந்த அளவில் கோடு போடுவது? சொல்லாவிட்டால் கம்ப்யூட்டரே முடிவு செய்துவிடும். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கம்ப்யூட்டர் 20, 40, 60 என்று கோடு போடலாம். ஆனால் நமக்கு வேண்டியது 90 அடிக் கோடு! நீர்மட்டம் 90 அடிக்கு மேல் இருந்தால், ஜூன் 12-ந் தேதி பாசனத்துக்கு அணையைத் திறப்பது வழக்கம். விவசாயியின் கண் அந்தக் கோட்டைத்தான் தேடும். "90-ல் சிவப்புக் கோடு போடு" என்று கட்டளை கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர் போட்டுவிடும். மற்றக் கோடுகளை மெல்லிதாக்கலாம், அழித்தும் விடலாம்.

இரண்டு கட்டங்கள்

காவிரிக்கு ஒரு கட்டம், கொள்ளிடத்துக்கு ஒரு கட்டம் என்று பக்கத்தில் பக்கத்தில் வரைவதும் உண்டு. இதில் ஏமாந்துவிடக் கூடாது. காவிரியில் வினாடிக்கு 30 ஆயிரம் கன அடி, கொள்ளிடத்தில் 1 லட்சம் கன அடி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்குக் கட்டம் அளவு மாறினால், இரண்டு ஆறும் ஒரே உயரத்தில் தெரியும்! இரண்டு கட்டத்துக்கும் ஒரே அளவில் கோடு போட வேண்டும். அப்போதுதான் உண்மை தெரியும்.

கட்டத்தின் தலையில் பெயரும் வேண்டும். "நிலையம் 1", "நிலையம் 2" என்று இருந்தால் யாருக்கு விளங்கும்? "காவிரி", "கொள்ளிடம்" என்று தமிழிலேயே எழுதலாம். அதற்குத் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால், எழுத்து வர வேண்டிய இடத்தில் வெறும் பெட்டிகள்தான் வரும்!

இனிமேல் பத்திரிகையிலோ டெலிவிஷனிலோ தண்ணீர்ப் படம் வந்தால், வளைந்து ஏறும் கோட்டை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். முதலில் கட்டத்தின் பெயரைப் படியுங்கள். அடுத்து ஓரத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். பிறகு இரண்டு கட்டங்களின் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.