முத்துக்கு நிறம் எழுதும் நிரல்

கணினித் திரையில் ஓர் உருண்டையை வரைவது எளிது. பார்த்தவுடன் அதை முத்து என்று சொல்லவைப்பது கடினம். வெள்ளை நிறம் கொடுத்தால் பந்தாகிவிடும். பளபளப்பைக் கூட்டினால் பிளாஸ்டிக் மணியாகிவிடும். சுற்றுப்புறத்தைப் பிரதிபலிக்க விட்டாலோ எஃகுக் குண்டு. வெப்சைட்டுகளுக்கான கிராபிக்ஸ் நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகளுக்கு, அதிலும் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, முத்தைவிட நல்ல முதல் பாடம் கிடையாது என்பது என் கட்சி.

ஊருக்கு முத்துநகர் என்று பெயர். சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர்தான். ஆனால் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். இன்று அங்கே கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரே பெரும்பாலும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1973 ஜூலையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். சிப்பியின் உடலுக்குள் ஓர் உருண்டைக் கருவையும், இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுவில் சிறு துண்டையும் வைப்பார்கள். அந்தத் திசு கருவைச் சுற்றிப் பையாக வளர்ந்து, அதன்மேல் அடுக்கடுக்காக முத்துப்படலத்தைச் சுரக்கும்.

அதே 1973இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பூய் துவாங் ஃபோங் என்ற வியட்நாம் இளைஞர் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தார். ஒரு பரப்பின் எந்த இடம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும், பளிச்சிடும் புள்ளி எங்கே விழும் என்பதற்கு அவர் எளிய கணக்கு ஒன்றைச் சொன்னார். 1975இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டில் இளம் வயதிலேயே அவர் இறந்துபோனார். கிராபிக்ஸ் படிக்கும் எல்லோரும் இன்றும் முதலில் எழுதிப் பார்ப்பது ஃபோங்கின் கணக்கைத்தான். பிளாஸ்டிக்குக்கு அது அருமையாகப் பொருந்தும். முத்துக்குப் பொருந்தாது. ஏனென்றால் முத்தின் நிறம் மேற்பரப்பில் பூசப்பட்டதல்ல. உள்ளே உள்ள அடுக்குகளில் பிறப்பது.

திருச்சியில் பிறந்த சி. வி. ராமனை இந்த அடுக்குகள் நெடுநாள் ஈர்த்திருக்கின்றன. 1930களில் மினுங்கும் சிப்பி ஓடுகளைப் பற்றி எழுதினார். 1954இல் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்துகளின் ஒளியியலையே ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். முத்துப்படலம் என்பது அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகத் தகடுகளும், இடையிடையே மெல்லிய புரதமும். ஒரு தகட்டின் தடிமன் ஏறக்குறைய 300 முதல் 500 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் ஏறத்தாழ அதே அளவு. அதனால் ஓர் அடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடுத்த அடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் சில நிறங்களில் ஒன்றையொன்று கூட்டுகின்றன, சில நிறங்களில் அழிக்கின்றன. இந்தக் கூட்டல் கழித்தலைத் திரையில் செய்து காட்டுவதுதான் நம் வேலை.

அதற்கு ஜிபியு என்ற சில்லு வேண்டும். விளையாட்டுக் கணினியில் மட்டுமல்ல, கையிலிருக்கும் போனிலும் அது இருக்கிறது. முழு ஹெச்டி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள். விநாடிக்கு 60 முறை புதுப்பித்தால் 12 கோடிக்கு மேல் கணக்கு. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி பாத்தியாக ஒரே வேலை ஒரே நேரத்தில் நடப்பதுபோல, ஜிபியு ஒரே சிறு நிரலை ஆயிரக்கணக்கான பிக்சல்களுக்குச் சேர்த்தே ஓட்டுகிறது. ஒரு பிக்சல் பக்கத்துப் பிக்சலின் விடைக்காகக் காத்திருப்பதில்லை. அந்தச் சிறு நிரலுக்கு ஷேடர் என்று பெயர். பிரவுசருக்குள்ளேயே ஷேடரை ஓட்ட 2011இல் வெப்ஜிஎல் வழி செய்தது. தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. விலை உயர்ந்த கணினியும் வேண்டாம். சிறிய ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்பதை நம் கல்லூரிகள் இன்னும் உணரவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது முத்து. திரையின் நடுவை மையமாக வைத்து, ஆரம் 1 உள்ள வட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் எக்ஸ், ஒய் என இரண்டு எண்கள் தெரியும். 1இலிருந்து இரண்டின் வர்க்கங்களையும் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் மூன்றாவது எண் இசட் கிடைக்கும். அதுதான் உருண்டையின் உயரம். நாம் நேர் எதிரே நின்று பார்ப்பதாக வைத்துக்கொண்டால், பார்வைக் கோணத்தின் கோசைனும் அதே இசட்தான். ஒரே வரியில் இரண்டு விடை! நடுவில் இசட் 1. விளிம்பை நோக்கிப் போகப்போக அது பூஜ்யமாகக் குறையும்.

தகட்டின் தடிமன் 400 நானோமீட்டர், ஒளிவிலகல் எண் 1.6 என்று கொள்வோம். நடுவில் நேராக உள்ளே போய்த் திரும்பும் ஒளிக்குப் பாதை வித்தியாசம், 2 பெருக்கல் 1.6 பெருக்கல் 400, ஆக 1280 நானோமீட்டர். இதை ஒரு முழு எண்ணால் வகுத்துக் கிடைக்கும் அலைநீளங்கள்தான் ஒன்றையொன்று கூட்டும். 2ஆல் வகுத்தால் 640, சிவப்பு. 3ஆல் வகுத்தால் 427, ஊதா. இரண்டும் சேர்ந்தால் ரோஸ். விளிம்புப் பக்கம், பார்வைக் கோணம் 60 பாகை ஆகும் இடத்தில், உள்ளே வளைந்து செல்லும் கதிரின் கோசைன் 0.84. பாதை வித்தியாசம் 1076ஆகக் குறைகிறது. அதன் பாதி 538, பச்சை. மூன்றில் ஒரு பங்கு புற ஊதாவுக்குப் போய்விடுவதால் கண்ணுக்குத் தெரியாது. நல்ல முத்தைச் சாம்பல் வானத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பவர்கள் சொல்லும் ரோஸும் பச்சையும் இவைதான்.

ஷேடரில் சிவப்புக்கு 610, பச்சைக்கு 550, நீலத்துக்கு 450 என்று மூன்று அலைநீளங்களை வைத்து, பாதை வித்தியாசத்தை ஒவ்வொன்றாலும் வகுத்து, விடை 0 முதல் 1 வரை வரும்படி ஒரு கோசைன் போட்டால், நடுவில் 0.91, 0.27, 0.78 என்ற எண்கள் வருகின்றன. 60 பாகையில் 0.54, 0.98, 0.11. இதை அப்படியே திரையில் போட்டால் சோப்புக்குமிழி போலக் கண்ணைப் பறிக்கும். முத்தில் புகும் ஒளியின் பெரும்பகுதி உள்ளே சிதறி வெள்ளையாகவே வெளியே வருகிறது. ஆகவே பாலேட்டு வெள்ளையில் இந்த நிறத்தைச் சிறு பங்காக மட்டும் கலக்க வேண்டும். கலந்து முடித்த பிறகுதான் திரைக்கேற்ற மாற்றத்தைச் செய்ய வேண்டும். ஒளியின் அளவில் 0.27 என்பது திரைக்கு அனுப்பும்போது சுமார் 0.56 ஆகும். வரிசை மாறினால் முத்து அழுக்காகத் தெரியும். புதிதாகக் கற்பவர்கள் கணக்கு தப்பு என்று நாள்கணக்கில் தேடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

திரீ.ஜேஎஸ் என்ற நூலகத்தில் இத்தகைய மினுக்கத்துக்கு ஆயத்த வசதி உண்டு. அதன் இயல்பான ஒளிவிலகல் எண் 1.3, அது கணக்கிடுவதும் ஒற்றைப் படலத்தைத்தான். வேலைக்குப் போகும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். கற்கும்போது கையால் எழுதுங்கள்.

கையால் எழுதியவருக்குத்தான் அடுத்த கேள்வி வரும். தடிமனை 300 ஆக்கினால் நீலம், 350 ஆக்கினால் பச்சை. உண்மையான முத்திலோ தகடுகள் எல்லாம் ஒரே தடிமனில் இருப்பதில்லை. 300 முதல் 400 வரை பல தடிமன்களுக்குக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் நிறங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெளிறிவிடுகின்றன. அடுக்குகள் ஒழுங்காக அமைந்த முத்துக்கு நிறமும் பொலிவும் கூடுதலாக இருப்பதன் காரணம் இப்படித் திரையிலேயே விளங்கிவிடும். இந்தச் சராசரியை ஒவ்வொரு பிக்சலிலும் மறுபடி மறுபடி போடத் தேவையில்லை. 2023 மே மாதம் குரோமில் வந்த வெப்ஜிபியு, படம் வரையாமல் கணக்கு மட்டும் போடும் நிரல்களையும் ஜிபியுவில் ஓட்டவிடுகிறது. 256 கோணங்கள், 256 தடிமன்கள் என 65,536 கட்டங்கள் கொண்ட அட்டவணையை ஒரே முறை நிரப்பி வைத்தால், பிறகு பிக்சல் தனக்கு வேண்டிய கட்டத்தைப் படித்துக்கொள்ளும்.

கோணல்மாணலான முத்துக்கு மட்டும் இசட் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அதற்கு முக்கோணங்களால் ஆன வலையும், அதன் முனைகளைத் திரையில் இடம் வைக்கும் வெர்டெக்ஸ் ஷேடரும் வேண்டும். உருண்டை முத்து சரியாக வந்த பிறகு அதைத் தொட்டால் போதும்.