எக்ஸெல்லில் ஆண்டை எந்த அச்சில், எப்படி வைப்பது?

குடிசன மதிப்பீட்டை வைத்து எழுதுகிற எங்கட ஆக்கள் பலர் எக்ஸெல்லில் கோட்டு வரைபைத்தான் போடுகிறார்கள். நானும் கனகாலம் அப்படித்தான். இலங்கையின் சனத்தொகை 1971இல் சுமார் 127 இலட்சம், 1981இல் 148, 2001இல் 188 (வடக்கு கிழக்கில் முழுமையாக எண்ண முடியாததால் மதிப்பீடும் சேர்ந்தது). கோட்டு வரைபுக்கு ஆண்டு வெறும் பெயர். பத்து வருஷ இடைவெளியையும் யுத்தத்தால் வந்த இருபது வருஷ இடைவெளியையும் ஒரே அகலத்தில் வைத்துவிடும். பார்க்கிறவருக்கு 1981க்குப் பிறகு பெருக்கம் இரட்டித்தது போலத் தெரியும். உண்மையில் பத்து வருஷத்துக்கு 21 இலட்சமாக இருந்தது 20 ஆகியிருக்கிறது. சனத்தொகையைக் காட்டி ஒரு சமூகத்தையே பயமுறுத்துற காலத்தில் இது சின்னப் பிழையல்ல.

ஸ்கேட்டர் வரைபில் ஆண்டு எண்ணாகவே நிற்கும். இடப்பக்க நிரலில் ஆண்டு, வலப்பக்கத்தில் தொகை. இரண்டையும் தெரிவுசெய்து இன்சர்ட்டில் ஸ்கேட்டரை அழுத்துங்கள். இடப்பக்க நிரலே கிடை அச்சாகும். ஒரு கலத்திலாவது ‘1981ஆம் ஆண்டு’ என்று எழுதினால் போச்சு: ஆண்டுகளை விட்டுவிட்டு 1, 2, 3 என்று தானே எண்ணிக்கொள்ளும். வெறும் 1981 போதும்.

பிறகு கிடை அச்சை இருமுறை சொடுக்கி மினிமம் 1970, மெக்ஸிமம் 2010, மேஜர் 10 என்று கொடுங்கள். நிலைக்குத்து அச்சு இந்தத் தரவுக்குத் தானாகவே பூச்சியத்தில் தொடங்கும். அதில் கை வைக்க வேண்டாம். 120 இலட்சத்தில் தொடங்கினால் 2001இன் புள்ளி 1971இன் புள்ளியைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு உயரத்தில் போய் நிற்கும்.