'ரன்' என்னும் ஆங்கில வினையின் பொருட்பன்மை: ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களை உடைய வினையாக 'ரன்' குறிக்கப்படுகின்றது. இப்பொருட்பன்மை உருவகத்தால் மட்டும் விளைந்ததன்று. முற்காலத்தில் வேறுவேறாக இருந்த தன்வினையும் பிறவினையும் ஒரே வடிவாகக் கலந்தமையும் அதற்குக் காரணமாகும். இக்காரணங்களை விளக்கி, ஆங்கிலம்–தமிழ் அகராதி ஆக்கத்திற்கு அவை தரும் பயனை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: பொருட்பன்மை, தன்வினை, பிறவினை, அகராதியியல், மொழிபெயர்ப்பு

முன்னுரை

ஒரு சொல் பல பொருள் குறித்து வருதலைத் தமிழ் மரபு தொன்மைக் காலத்திலேயே அறிந்திருந்தது. தொல்காப்பிய உரியியல் இதனைக் குறிப்பிடுகின்றது. நிகண்டு நூல்கள் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கெனத் தனித் தொகுதியே வகுத்தன. ஆங்கில அகராதியியலிலும் இது நெடுநாளைய சிக்கலாகும். 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்னும் வினைக்கு 430 பொருள்கள் தரப்பட்டு, அதுவே மிக நீண்ட பதிவாக அமைந்தது. மூன்றாம் பதிப்பிற்கான திருத்தப் பணியில் 'ரன்' என்னும் வினை 645 பொருள்களுடன் அதனை விஞ்சியது. இவ்வொரு பதிவைத் திருத்தியமைக்க அகராதியியலர் பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ 9 மாதங்கள் உழைத்தார்.

இத்தொகை, ஆங்கிலம் பேசுவோர் தம் நினைவில் 645 பொருள்களைத் தனித்தனியே வைத்துள்ளனர் என்பதைக் காட்டாது. அது அகராதியாசிரியர் வகுத்த பகுப்புகளின் எண்ணிக்கையே ஆகும். எனவே எண்ணிக்கையைக் காட்டிலும் பகுப்புகள் தோன்றிய வழிகளே ஆய்விற்குரியன.

இரு வினைகள் ஒன்றானமை

பழைய ஆங்கிலத்தில் ஓடுதல், ஒழுகுதல் ஆகிய பொருள்களில் 'ரின்னன்', 'இர்னன்' என்னும் வடிவங்கள் வழங்கின. இவை செயப்படுபொருள் வேண்டாத் தன்வினைகள். ஓடச்செய்தல் என்னும் அடிப்படையில் தோன்றிய 'ஆர்னன்' என்னும் வேறொரு வினையும் இருந்தது. பழைய நார்ஸ் மொழியின் செல்வாக்கும் சேர, இவ்வினைகள் இடைக்கால ஆங்கிலத்தில் ஒன்றாகக் கலந்தன. ஜெர்மன் மொழியில் இப்பிரிவின் சுவடு இன்றும் உள்ளது. அங்கு 'ரின்னென்' ஒழுகுதலைக் குறிக்கும். பழைய பிறவினை வடிவிலிருந்து வந்த 'ரென்னென்' ஓடுதலைக் குறிக்கும்.

தமிழில் ஓடு, ஓட்டு என்னும் இணை இவ்வேறுபாட்டை வடிவத்திலேயே காட்டுகின்றது. ஆங்கிலத்தில் அது அழிந்தமையால், குதிரை ஓடுவதற்கும் குதிரையை ஓட்டுவதற்கும் 'ரன்' ஒன்றே வழங்கலாயிற்று. கடையை நடத்துதல், இயந்திரத்தை இயக்குதல், நாளிதழ் செய்தியை வெளியிடுதல், குளிப்பதற்கு நீரைத் திறந்துவிடுதல் ஆகிய பிறவினைப் பொருள்கள் யாவும் இதே தலைச்சொல்லின்கீழ் வந்து சேர்கின்றன. எனவே பொருள்களின் மிகுதியில் ஒரு பகுதி வடிவக் கலப்பின் விளைவு எனலாம்.

பொருள் விரிவின் நெறிகள்

எஞ்சிய பொருள்கள் சில நெறிகளில் கிளைக்கின்றன. முதலாவது ஒழுக்கு: ஆறு பாய்தல், மூக்கு ஒழுகுதல், துணியின் சாயம் கரைந்து பரவுதல். இரண்டாவது இயக்கம்: இயந்திரம் இயங்குதல், பேருந்து குறித்த வழியில் சென்று வருதல். மூன்றாவது இடநீட்சி: சாலை கடற்கரையை ஒட்டிச் செல்லுதல். இங்கு அசைவது எதுவுமில்லை. காண்போரின் பார்வையே சாலைவழியே செல்கின்றது. நான்காவது காலநீட்சி: நாடகம் பல மாதம் ஓடுதல், ஒப்பந்தம் 5 ஆண்டு நடப்பிலிருத்தல்.

பெயராக வருமிடத்து மூலப்பொருள் மேலும் விலகுகின்றது. கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால், ஆட்டக்காரர் ஓடாமலே 4 'ரன்' கணக்கிடப்படும். செயலின் பெயர் அளவையின் பெயராக மாறிவிட்டது. தமிழ்நாட்டு இதழ்கள் 'ரன்' என்றே எழுத, இலங்கைத் தமிழ் ஊடகங்கள் 'ஓட்டம்' என வழங்குகின்றன. வைப்பாளர் பலர் ஒரே வேளையில் பணத்தைத் திரும்பப் பெற வங்கியில் திரள்வதும் ஆங்கிலத்தில் 'ரன்' எனவே சுட்டப்படும்.

'அவுட்', 'இன்டு', 'ஓவர்' போன்ற சொற்கள் இவ்வினையோடு சேருமிடத்து, கூட்டுப்பொருளை உறுப்புகளிலிருந்து முழுமையாக உய்த்தறிய இயலாது. 'ரன் அவுட்' பால் தீர்ந்துபோதலையும் ஆட்டமிழத்தலையும் குறிக்கும். 'ரன் இன்டு' தற்செயலாக ஒருவரைச் சந்தித்தலையும் வண்டி மோதுதலையும் குறிக்கும். இவற்றைத் தனிச்சொற்களாகவே கொள்ளுதல் தகும்.

தமிழில் பெயர்த்தல்

தமிழ் 'ஓடு' இந்நெறிகள் சிலவற்றில் ஆங்கிலத்தோடு ஒத்துச் செல்கின்றது. வண்டி, கடிகாரம், திரைப்படம் ஆகியன தமிழிலும் ஓடுகின்றன. நீரோட்டம், இரத்த ஓட்டம் என்பனவும் உள்ளன. ஆயின் மூக்கு ஓடுவதில்லை, ஒழுகும். மறுதலையாக, கவலையுற்றவர் தமக்கு வேலை ஓடவில்லை என்பர். இவ்விடத்தில் ஆங்கிலம் 'ரன்' என்பதை ஆள்வதில்லை.

ஒத்த பொருளுக்கு உருவகம் வேறுபடுதலும் உண்டு. அமெரிக்க வழக்கில் வேட்பாளர் தேர்தலில் ஓடுகிறார். பிரித்தானிய வழக்கில் நிற்கிறார். தமிழரும் தேர்தலில் நிற்றல் என்றே வழங்குவர். ஆகவே அமெரிக்கச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின், போட்டியிடும் வேட்பாளர் களத்தைவிட்டு ஓடியவராகத் தோன்றும் இடர் நேரும்.

ஓடு, ஓட்டு, நடத்து, இயக்கு, பாய், ஒழுகு எனக் காற்புள்ளியிட்டு நிரல்படுத்தும் அகராதிப் பதிவு இவ்விடரைத் தடுக்காது. எழுவாய் உயிருள்ளதா, நீர்மமா, இயந்திரமா, நெடும்பரப்பா என்பதும், செயப்படுபொருள் உண்டா இல்லையா என்பதும் பதிவில் சுட்டப்பட வேண்டும். அங்ஙனம் சுட்டின், உரிய தமிழ்ச்சொல்லைத் தெரிவதற்குப் பயில்வோர்க்கு வழி கிடைக்கும்.

முடிவுரை

'ரன்' என்பதன் பொருட்பன்மை வடிவக் கலப்பு, உருவக விரிவு, சொற்சேர்க்கை என்னும் மூன்றன் கூட்டு விளைவாகும். முதலாவதற்குத் தன்வினை, பிறவினைப் பகுப்பும், இரண்டாவதற்கு எழுவாயின் இயல்பும், மூன்றாவதற்குத் தனித் தலைச்சொல்லும் தீர்வாக அமையும். 'செட்', 'டேக்', 'கெட்' முதலிய பிற வினைகளையும் இவ்வாறு பகுத்தாராயின், ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் பொருள் நிரல் ஓர் ஒழுங்கு பெறும்.