அன்று அலமாரியில், இன்று நவி மும்பையில்

ராமேசுவரம் தீவுக்குத் தரைவழியாக எது வந்தாலும் பாம்பனைத் தாண்டித்தான் வரவேண்டும். அரிசி மூட்டை, யாத்ரீகர் கூட்டம், தபால் பை எல்லாம் அப்படித்தான். 1914இல் ரயில் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் ஏற்றிய தபால் பை தனுஷ்கோடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் போனது. கப்பல் நின்று பல காலமாகியும் அந்த ரயிலுக்கு இந்தப் பக்கத்தில் போட் மெயில் என்றே பெயர்.

அஞ்சலகம் தபாலோடு ஊர்ப் பணத்தையும் பார்த்துக்கொண்டது. அதன் சேமிப்பு வங்கி நாடு முழுவதும் வந்தது 1882இல். அதன் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக ஒருவருடைய கணக்கு என்றால் லெட்ஜரில் ஒரு பக்கம். பாஸ்புக்கையும் படிவத்தையும் நீட்டினால் எழுத்தர் லெட்ஜரைப் புரட்டி, கையெழுத்தை ஒத்துப் பார்த்து, இரண்டிலும் பதிவு போட்டு, வட்ட முத்திரை குத்தித் தருவார். மின்சாரம் போனாலும் ஜன்னல் வெளிச்சம் போதும். மாலையில் அன்றைய ரசீதுகளும் கணக்கும் பையில் கட்டித் தலைமை அஞ்சலகத்துக்குப் போகும். துணை அஞ்சலகக் கணக்குக்குத் தலைமை அஞ்சலகத்திலும் ஏடு உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்த ஊரில் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். தனுஷ்கோடியில் அழிந்த கட்டடங்களில் தபாலாபீஸும் ஒன்று. கடலோரத்தில் இருக்கும் எழுத்துக்கு உள்நாட்டில் ஒரு நகல் வேண்டும் என்பது கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே தபால்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கவுன்ட்டர் வேலைக்கு மேக்தூத், சேமிப்புக் கணக்குக்கு சஞ்சய் போஸ்ட். ஒவ்வொரு ஆபீசிலும் ஒரு சர்வர். கவுன்ட்டர் கம்ப்யூட்டர்கள் அதோடு கேபிளில் பேசும். வெளியூர் இணைப்பு அறுந்தாலும் உள்ளே வேலை நடக்கும். ஆனால் ஊர்ப் பணத்தின் கணக்கு முழுவதும் மேசைக்கடியில் இருக்கும் அந்த ஒரு பெட்டிக்குள்.

இந்தக் கரையில் ஒரு சர்வரை வைத்திருப்பது லேசான காரியமில்லை. உப்புக் காற்று முதலில் பிடிப்பது திருகுகளை. பிறகு கேபிள் முனைகளில் செம்பு பச்சை பூக்கும். மின்விசிறி இழுத்த ஈரமும் தூசியும் சேர்ந்து போர்டில் பிசினாகப் படியும். யூபிஎஸ் பேட்டரி முழு ஆயுசு வருவதில்லை. ஆகவே பழைய சர்வரை இறக்கிப் புதியதை ஏற்றுகிற வேலை அப்போது இங்கே அடிக்கடி நினைக்க வேண்டிய ஒன்றாக இருந்தது. கவுன்ட்டர் மூடி, நாள் முடிவு போட்டு, பேக்கப் எடுத்து, அதைப் புதுப்பெட்டியில் இறக்க வேண்டும். புதியதற்கும் பழைய சர்வரின் பெயரையும் முகவரியையும் கொடுத்தால்தான் கவுன்ட்டர் கம்ப்யூட்டர்கள் அதை அடையாளம் காணும். இரண்டு சர்வரிலும் இருப்புப் பட்டியலை அச்சிட்டு வரிக்கு வரி ஒத்துப் பார்க்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பழைய பெட்டியை உடனே துடைக்க மாட்டார்கள். மாதக் கணக்கு ஒன்று முடியும்வரை அதை அப்படியே வைத்திருப்பார்கள்.

இதெல்லாம் பெட்டி விட்டுப் பெட்டி மாறுவது. 2013 டிசம்பரில் சென்னையில் தொடங்கி அடுத்த சில வருடங்களில் நாடெங்கும் நடந்தது வேறு. இன்ஃபோசிஸின் ஃபினக்கிள் மென்பொருளுக்குக் கணக்குகள் ஏறின. ஆபீஸ் சர்வரில் இருந்த இருப்பு நவி மும்பை தரவு மையத்துக்குப் போனது. அங்கே ஏதேனும் நேர்ந்தால் கைகொடுக்க மைசூரில் ஒரு மாற்று மையம்.

இதில் இயந்திர வேலையை விடப் பெயர் வேலைதான் பெரிது என்பேன். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் ஒரே வாடிக்கையாளர் எண்ணில் சேர வேண்டும். நம்புநாயகி அம்மன் இருக்கிற தீவு இது. நம்பு, நம்புராஜன், நம்புசாமி தெருவுக்குத் தெரு உண்டு. ஒரே ஆள் எஸ்.பி. கணக்கில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் ஆர்.டி.யில் வேறொன்றிலும் இருந்தால், அவர் ஒருவரா இருவரா என்று நவி மும்பையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அப்பா பெயரைப் பார்த்து, பிறந்த தேதியைக் கேட்டு, பழைய படிவத்தைத் தேடி, எந்த நம்பு எந்த நம்பு என்று முடிவு கட்டுவது கவுன்ட்டரில் இருப்பவர். லெட்ஜருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே சில ரூபாய் உதைத்தாலும் தேடித்தான் ஆக வேண்டும். மாற்றம் நல்லபடியாக முடிந்தது என்றால் அந்தப் பெருமையில் பெரும்பங்கு இவர்களுக்குப் போக வேண்டும். திறப்பு விழாப் படங்களில் இவர்கள் இருப்பதில்லை.

கிளை அஞ்சலகங்களுக்கு 2017 இறுதியிலிருந்து தர்பன் திட்டத்தில் சூரியசக்தியில் சார்ஜ் ஆகும் கைக்கருவி வந்தது. கடைசிப் பெரிய மாற்றம் 2025இல். தபால் பதிவு, பட்டுவாடா, ஆபீஸ் கணக்கு எல்லாம் மைசூரில் உள்ள அஞ்சல் தொழில்நுட்ப மையம் தானே எழுதிய ஏபிடி மென்பொருளுக்கு மாறி, அரசின் மேக்ராஜ் மேகக் கணினியில் ஏறின. அஞ்சல் வட்டம் வட்டமாக மாற்றி, 2025 ஆகஸ்ட் 4இல் முடித்தார்கள். மாற்றிய ஆபீஸ்கள் 1.70 லட்சத்துக்கு மேல். பயிற்சி பெற்ற ஊழியர்கள் 4.6 லட்சத்துக்கு மேல். கவுன்ட்டரில் க்யூஆர் கோடு காட்டிப் பணம் கட்டலாம். ஓடிபி சொல்லித் தபால் வாங்கலாம்.

கணக்கு ஆபீஸை விட்டு வெளியே போனதால் தீவுக்குக் கிடைத்த லாபம் சின்னதில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டித் தெருவும் வீடும் தண்ணீரில் நின்றன. சர்வர் மேசைக்கடியில் இருந்த காலத்தில் அப்படி ஒரு மழை பெய்திருந்தால் போஸ்ட் மாஸ்டர் வீட்டில் தூங்கியிருக்க மாட்டார். இன்று ஆபீஸில் எது நனைந்தாலும் கணக்கு நனையாது. திருப்பூருக்கு வேலைக்குப் போன தங்கச்சிமடத்துப் பையன் அங்கேயே பணம் எடுத்துக்கொள்ளலாம்.

போனது என்ன என்றால், இணைப்பு இல்லாமல் வேலை செய்கிற திறன். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றதே, அப்படிப்பட்ட நாளில்தான் மீனவர் வீட்டுக்குக் கைச்செலவுக்குப் பணம் தேவைப்படும். கடலுக்குப் போக முடியாது, சேமிப்புக் கணக்கில் போட்டதை எடுக்க வருவார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் இதே தேவைதான். அப்போது லைன் இல்லை என்றால் பாஸ்புக்கில் இருப்பு இருந்தும் கையில் காசு வராது. பழைய லெட்ஜர் இருந்திருந்தால் போஸ்ட் மாஸ்டர் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட தொகையைக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

லெட்ஜருக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை, திரும்பவும் கூடாது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறக்கும் வரை தீவு தாக்குப்பிடித்தது எப்படி? பக்கத்திலேயே 1988இல் திறந்த சாலைப் பாலம் இருந்தது. தீவு அஞ்சலகங்களின் இணைப்புக்கும் அப்படி இரண்டாவது வழி ஒன்று வேண்டும்: கேபிள் போனால் தானாக எடுத்துக்கொள்ளும் வேறு நிறுவனத்து சிம் இணைப்பு, ஒரு முழுநாள் தாங்கும் பேட்டரி. அதுவும் போனால் முந்தைய மாலை இருப்புப் பட்டியலை வைத்து, ஒரு வரம்புக்குள் காகிதத்தில் பணம் கொடுத்து, லைன் வந்ததும் ஏற்றிக்கொள்ள எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இவற்றை ஐப்பசி மழைக்கு முன்பே செய்து முடிக்க வேண்டும்.